காலிப் பெட்டியின் சத்தம்

எங்கள் ஆஸ்பத்திரியில் பிணவறையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஐஸ் அண்ணன் என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்வதில்லை. "உருகாம இருந்தா சரி" என்பார். நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். வண்டியில் உயிரில்லாமல் வருகிறவர்களை அவரிடம்தான் ஒப்படைப்பேன்.

அங்கே மூலையில் இருக்கும் குளிர்ப்பெட்டி அரதப் பழசு. மோட்டார் நிற்கும்போதெல்லாம் ஒரு உதறு உதறும். உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல டொக் டொக் என்று கேட்கும். அண்ணன் அதற்குப் பதில் சொல்வார்: "இருப்பா, வரேன்." பேச்சுத்துணைக்கு ஆளில்லாத மனுஷன் பெட்டியோடு பேசினால் என்ன குடி முழுகிவிடும் என்று நாங்களும் சிரித்துக்கொண்டோம். முழுகத்தான் செய்தது.

உடல் வாங்க வந்த கூட்டத்தில் யாரோ அதைச் செல்போனில் பிடித்துவிட்டார்கள். தட்டும் சத்தம், அண்ணனின் பதில், அவ்வளவுதான் வீடியோ. முதலில் போட்டவர் "இது என்ன சத்தம்?" என்று கேட்டிருந்தாராம். என் போனுக்கு வருவதற்குள் அதற்குக் கண், காது, மூக்கெல்லாம் முளைத்திருந்தது. உயிரோடு அடைக்கப்பட்ட இளைஞன், தட்டியும் திறக்காத பாவி. "அது மோட்டார் சத்தம்" என்று நானும் எழுதிப் போட்டேன். சீந்துவாரில்லை. பழைய மோட்டாரைப் பற்றி யார் யாருக்கு அனுப்புவார்கள்? நெஞ்சு பதறினால்தானே விரல் தானாக அழுத்துகிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் நான் அங்கே இருக்கும்போது ஒரு அம்மா வந்தார். பைக் விபத்தில் போன அவர் மகன், வீடியோ எடுத்த அன்று அந்த மூலைப் பெட்டியில்தான் இருந்தான்.

"நீங்கதானே வரேன்னு சொன்னது?"

"ஆமாம்மா" என்றார் அண்ணன்.

"ஏன் வரல?"

அண்ணன் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"கண்ண மூடினா தட்டுறான். வீட்டுக் கதவெல்லாம் தெறந்தே போட்டு வச்சிருக்கேன்" என்றார் அந்த அம்மா.

அண்ணன் பெட்டியைத் திறந்து, தட்டை வெளியே இழுத்துக் காட்டினார். காலி. அந்த அம்மாவே கைவிட்டுத் துழாவிப் பார்த்தார். அண்ணன் அதை மூடி, சுவிட்சைப் போட்டு, மோட்டார் ஓடியதும் அணைத்தார்.

டொக் டொக்.

காலி என்று கண்ணால் பார்த்த நானே ஒரு அடி பின்வாங்கினேன்.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். அந்த அம்மா பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். திறந்து பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும்வரை இதேதான் நடந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ரோட்டுலயே போயிட்டானா?"

"ஆமாம்மா. நான்தான் வண்டியில ஏத்தினேன். அப்பவே மூச்சு இல்ல."

 அவர் கை பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தது.

"தட்டினான்னு நெனச்சு உயிரே போச்சு எனக்கு" என்றார். "ஆனா அதுல அவன் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோட இருந்தான். இப்ப அதுவும் இல்ல."