சிவப்புப் பொட்டு வைத்த இரண்டு டிரான்சிஸ்டர்கள்

கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் ஒன்றைச் சொந்தமாகச் செய்ய ஆசைப்பட்டு, பழைய ரேடியோக்களில் கழற்றிய முப்பது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் சோதித்தேன். பெரும்பாலானவற்றில் மின்சாரம் கசிந்தது. விரல் சூடு பட்டாலே அளவு ஏறியது. கடைசியில் இரண்டு மட்டும் தேறின. அடையாளத்துக்கு அவற்றின் தலையில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்தேன். இரண்டாவது டிரான்சிஸ்டரில் நாலரை வோல்ட் வரும்வரை பிரிசெட் என்ற சின்னத் திருகைத் திருப்பியதும், நான் நினைத்த அதே ஒலி வந்தது.

எங்கள் கச்சேரிக் குழுவில் பன்னிரண்டு வருடம் என்னோடு வாசித்த நண்பன், சங்கரன்கோவில் பக்கம் ராயகிரியில் ஒரு கல்யாணத்துக்கென்று அதை வாங்கிப் போனான். திரும்பி வந்த பெடலில் ஒலி அடைத்துக்கொண்டது.

“சங்கரன்கோவில் வெயிலுக்கு எதுதான் தாங்கும்? திரும்ப செட் பண்ணிப் பாரும்வே,” என்றான்.

நம்பினேன். ஒரு வாரம் திருகிக்கொண்டே இருந்தேன். எட்டாம் நாள் இரண்டு டிரான்சிஸ்டரையும் கழற்றி அளந்தேன். இரண்டிலும் மின்சாரம் கசிந்தது. அவை என்னுடையவை அல்ல. சிவப்புப் பொட்டு மட்டும் அதேபோல் இருந்தது. எடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். உட்கார்ந்து பொட்டு வைத்திருக்கிறானே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

போனில் கேட்டேன்.

“உமக்கு வேற ரெண்டு தேடி எடுக்கத் தெரியும். எனக்குத் தெரியாதுல்லா,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ரெண்டையும் போட்ட எம் பெடல்ல சத்தம் விட்டு விட்டு வருது. எத்தனை வோல்ட் வைக்கணும்வே?”

சொல்லாமல் போனை வைத்தேன். அந்தக் குழுவுக்கு அதன்பிறகு நான் போகவில்லை.