நான் சொன்ன விலை

போன வருடம் கற்பிட்டியில், எங்கள் மதிலுக்கு அடுத்த வீட்டில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் கோபம் அடங்குவதில்லை.

அடுத்த வீட்டுப் பெண் கருவாடு காயவைத்து, பொதி செய்து, சிலாபத்தில் ஒரு கடை மூலம் விற்பவள். விற்ற விலையில் நூற்றுக்கு இருபது கடைக்காரருக்கு. மிச்சக் காசைக் கிழமைக்கு ஒரு தரம் பஸ்ஸில் போய் வாங்கி வருவாள். "கிலோவுக்கு ரெண்டாயிரம் என்ட கைக்கு வரணும் ராத்தா, என்ன வெல போட?" என்று கேட்டாள். வீட்டுச் செலவைச் சதம் பிசகாமல் டயரியில் எழுதுகிறவள் என்று எனக்குப் பெயர். யோசிக்காமலே இரண்டாயிரத்து நானூறு என்றேன்.

அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை அங்கே சண்டை. நாற்பது கிலோவுக்கு எண்பதாயிரம் வர வேண்டும். வந்ததோ எழுபத்தாறாயிரத்து எண்ணூறு. "மூவாயிரத்து எறநூறு எங்க போகுது? உம்மாட ஊட்டுக்கா?" என்று அவள் கணவர் கத்துவது எங்கள் குசினிவரை கேட்கும். நானும் அவளைத்தான் சந்தேகித்தேன். என் கணக்கைச் சந்தேகிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, என் மகள் சாதாரண தரப் பரீட்சைக்காக இலாப நட்டக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். தரகு நூற்றுக்கு இருபது, கையில் கிடைத்தது எண்ணூறு, விற்ற விலை என்ன? விலையை x என்று வைத்து, அதில் ஐந்தில் நான்கு பங்குதான் எண்ணூறு என்று எழுதி, ஆயிரம் என முடித்தாள்.

"பிழை, 960" என்றேன்.

"960ல இருபது வீதத்தக் கழிச்சுப் பாருங்க உம்மா, எண்ணூறு வருதா?"

768 வந்தது. அதே தாளில் 2400இலும் கழித்தேன். 1920. கிலோவுக்கு எண்பது ரூபாய் குறைவு. நாற்பது கிலோவுக்கு மூவாயிரத்து இருநூறு.

கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, இந்த விலைக்கு அவள் கைக்கு இரண்டாயிரம் வராது என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்தானே. வெல போட்டது நீங்க, நான் ஏன் கதைக்க?" என்று சிரித்தார். அவள் கணவரிடம் போய், பிழை என்னுடையது என்றேன். "ஆ, கணக்குப் பிழையா" என்றவர், மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை இல்லை.

அவள் என்னை ஏசவில்லை. "பஸ்ஸிலதான் காசு விழுகுது என்டு நெனச்சேன் ராத்தா. பேக்க ரெண்டு தரம் தெச்சேன்" என்றாள்.

விலையை அன்றே இரண்டாயிரத்து ஐந்நூறாக மாற்றினோம். அந்த இரண்டு ஆண்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் ஒரு கழித்தலைச் செய்து பார்க்காமல் ஐந்து மாதம் அவளைக் கள்ளி என்று நினைத்திருந்த என் மேல் உள்ள கோபம்தான் இன்னும் ஆறவில்லை.