கிருபாவதி அக்கா பிடித்த நாற்காலிகள்

கிருபாவதி அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பூனாவில் எங்கள் கிர்க்கித் தமிழர்கள் முதலில் சிரிப்பார்கள். பஸ்ஸோ, ரயிலோ, சர்ச்சோ, சர்க்கஸோ, கூட்டம் என்று ஒன்று இருந்தால் அக்கா முன்னால் ஓடிப்போய், பின்னால் வருகிறவர்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சும்மாவா சொன்னான்" என்று என் வீட்டுக்காரரே கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரித்தவள்தான். ஆனால் அவருக்குக் கடைசியில் நடந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

நாங்கள் அடுத்தடுத்த வீடு. அவர்கள் நாசரேத்துக்காரர்கள், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நாங்கள் அம்பாசமுத்திரம். பூனாவுக்கு வந்துவிட்டால் அம்பாசமுத்திரமும் நாசரேத்தும் ஒரே ஊர்தான். அக்காவின் கணவர் தேவநேசன் கண்டோன்மென்ட்டில் ஓர் ஆபீஸில் கிளார்க். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப் போனவர். கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. ஆனால் மகா ரோஷக்காரர். பஸ்ஸில் வியர்த்து விழுந்தாலும் விழுவாரே தவிர, "கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்று ஒருவரிடமும் கேட்கமாட்டார்.

"அவிய கேக்கமாட்டாவ சரசா. நான் கேக்காமலே எடுத்துக்கிடுவேன்" என்பார் அக்கா. அவருடைய ஓட்டம் அப்படித் தொடங்கியதுதான்.

மாதச் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கேம்ப் கடைத்தெருவுக்குப் போவோம். அங்கே மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டலின் பலகையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. எங்களுக்கு அது டோக்கன் ஓட்டல். கல்லாவில் பணம் கட்டி டோக்கன் வாங்கி, கவுன்ட்டரில் அதைக் கொடுத்து, தோசையோ பாவ் பாஜியோ கொடுப்பதை நாமே தூக்கிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். நாலு நாலு நாற்காலி போட்ட மேஜைகள். இடம் கிடைக்காதவர்கள் சுவரோரமாக ஓடும் கடப்பாக்கல் பலகையில் தட்டை வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபடி சாப்பிடலாம்.

நாற்காலி விஷயத்தில் அந்த ஓட்டலில் எழுதாத சட்டம் நிறைய உண்டு. சாப்பிடுகிறவரிடம் "முடிந்ததா?" என்று கேட்கக் கூடாது. அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கையகலம் தள்ளி நிற்கலாம். நின்றால் அடுத்து அது உங்களுடையது. காலி நாற்காலியாகவே இருந்தாலும் இழுப்பதற்கு முன்னால் "கோணி ஆஹே கா?" என்று கேட்க வேண்டும். யாராவது இருக்கிறார்களா என்று அர்த்தம். "ஆஹே" என்று பதில் வந்தால் பூனாக்காரன் மறுபேச்சில்லாமல் போய்விடுவான். ஆனால் அந்த "ஆஹே" டோக்கன் வரிசையில் நிற்கிறவருக்குத்தான் செல்லும். இன்னும் வந்தே சேராதவருக்கு இடம் பிடிப்பது அநியாயம்.

அக்கா செய்தது அந்த அநியாயம்தான். நாங்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து தேவநேசன் அண்ணாச்சியோடு மெதுவாக நடந்து வருவதற்குள், அவர் ஒரு முழு மேஜையைப் பிடித்துவிடுவார். ஒரு நாற்காலியில் கைக்குட்டை, ஒன்றில் குடை, ஒன்றில் மகன் இன்பநாதன். "எழும்பினே, தோல உரிச்சிருவேன்" என்று அவனை உட்கார்த்திவிட்டு, நாலாவது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வருகிறவனுக்கெல்லாம் "ஆஹே, ஆஹே." அக்காவுக்குத் தெரிந்த மராத்தியே அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், அவர் மட்டும் உட்காரவே மாட்டார். அண்ணாச்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, என் வீட்டுக்காரருக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று என்று முடிந்துபோகும். "நான் சாப்பிட்டுக்கிடுதேன், நீங்க ஆறிப்போகாம சாப்பிடுங்க" என்று கடப்பாக்கல்லுக்குப் போய்விடுவார்.

ஒருநாள் ஓட்டல்காரர் சுவரில் மராத்தியில் ஒரு பலகை மாட்டினார். என் வீட்டுக்காரர் வாசித்துச் சொன்னார்: "கைக்குட்டைகளுக்கும் குடைகளுக்கும் இங்கே உணவு வழங்கப்பட மாட்டாது." யாரை உத்தேசித்து என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணாச்சி கூடச் சிரித்தார். இன்பநாதன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு அப்போதே மூக்கு நுனியில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எழுபத்தாறில் அண்ணாச்சி மாரடைப்பில் போய்விட்டார். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகச் சேர்ந்தார். இனி யாருக்காக ஓட வேண்டும் என்று நினைத்தோம். ஆனால் பழகின கால் நிற்குமா? எனக்காக ஓடினார், எங்கள் வீட்டு விருந்தாளிகளுக்காக ஓடினார், ஊரிலிருந்து வருகிறவர்களை ரயிலேற்றும்போது பிளாட்பாரத்தில் அவர்களுக்கு முன்னால் ஓடினார். துணி தைத்து, வயிற்றைக் கட்டி, இன்பநாதனை டிப்ளமா படிக்க வைத்தார். அவன் தளேகாவில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனான். லோனாவ்ளா லோக்கல் ரயிலில் தினமும் போய் வருவான். நல்ல பையன்தான்; குடிக்கமாட்டான், சம்பளத்தை அம்மா கையில் கொடுப்பான். அம்மாவோடு வெளியே வருவது மட்டும்தான் அவனுக்குப் பிடிக்காது.

எண்பத்துநாலில் அவனுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. பெண் டோரீன், கேம்ப்பில் ஒரு ஆபீஸில் ஸ்டெனோ. அவள் அப்பா எட்மண்ட், இன்பநாதன் வேலை செய்த கம்பெனியிலேயே பெரிய அதிகாரி. பூனாவிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். வீட்டில் தமிழைவிட இங்கிலீஷ் அதிகம். பெண்ணும் பிள்ளையும் ஏற்கெனவே ஒருவரையொருவர் பார்த்துப் பேசிப் பிடித்துப்போனதுதான். பெரியவர்கள் உட்கார்ந்து தேதியும் மற்றதும் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த 'மற்றதில்' அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கல்யாணம் ஆனதும் இருவரும் ஒரு வருஷமாவது தன்னோடு கிர்க்கியில் இருக்க வேண்டும். ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது, இப்போது மாதிரியே லோக்கலில் போய் வரட்டும். அதற்காகத் தான் படுத்திருந்த முன்னறையைச் சுண்ணாம்பு அடித்து, புது ஃபேன் மாட்டி, ஜன்னலுக்குத் தன் கையாலேயே பூப்போட்ட திரை தைத்திருந்தார். தனக்குச் சமையலறையில் பாய் போதுமாம்.

"எட்மண்ட் சார்ட்ட எப்படிச் சொல்லட்டும்?" என்று என்னிடம் ஒத்திகை வேறு பார்த்தார். "'சார், ஒரு வருஷம் பிள்ளைக ரெண்டும் எங்கூட இருக்கட்டும்'னு சொன்னா போதும்லா? கெஞ்சுத மாதிரி இருக்குமோ?"

"பெத்தவ கேக்கதுல என்ன கெஞ்சல்? நேரா கேளுங்க" என்றேன்.

கெட்ட நேரம், சந்திக்கிற இடமாக டோரீன் சொன்னது அந்த டோக்கன் ஓட்டலைத்தான். அவள் ஆபீஸ் பக்கம், அவளுக்குப் பழகின இடம். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "நான் வெள்ளனவே போயி பக்கத்து பக்கத்துல ரெண்டு மேஜ பிடிச்சிருதேன்" என்றார்.

இன்பநாதன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "அம்மா, ப்ளீஸ். நாற்காலியில ருமால் போடுற வேலையெல்லாம் அங்க வேணாம். அவங்க என்ன நினைப்பாங்க? எல்லாரும் வந்தப்புறம் வாங்க. எல்லாரும் உட்கார்றப்ப நீங்களும் உட்காருங்க. நார்மலா இருங்க."

அக்கா ஒரு நிமிஷம் அவனையே பார்த்தார். பிறகு, "சரிப்பா, உனக்கு வெக்கமா இருந்தா வேண்டாம்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பாவி மனுஷி. உறவென்று பூனாவில் யாரும் இல்லாததால் துணைக்கு என்னை அழைத்துப் போயிருந்தார். நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். போனவர் உள்ளே நுழையவில்லை. வாசலில், செருப்புக் கடை நிழலில் நின்றார். உள்ளே மேஜைகள் ஒவ்வொன்றாக நிரம்புவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அக்காவின் கால் தரையில் நிலைகொள்ளவில்லை. "அந்தத் தூண்கிட்ட ரெண்டு மேஜ சும்மா கெடக்கு பாரு" என்றார். கொஞ்ச நேரத்தில், "போச்சு" என்றார்.

இன்பநாதனும் அவர்களும் டாக்ஸியில் வந்து இறங்கியபோது ஓட்டல் நெருக்கியடித்தது. எட்மண்ட் கோட்டுப் போட்டு வந்திருந்தார். எங்களைப் பார்த்து மரியாதையாகத்தான் கும்பிட்டார். அவர் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ இங்கிலீஷில் சொன்னார். யாரையும் நான் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. உள்ளே போனதும் ஒரு குடும்பம் எழுந்து ஒரு மேஜை காலியானது. இன்பநாதன் பாய்ந்துபோய் நாற்காலிகளை இழுத்துப் போட்டான். எட்மண்ட் உட்கார்ந்தார், மனைவி உட்கார்ந்தார், டோரீன் உட்கார்ந்தாள். நாலாவது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இன்பநாதன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் எட்மண்ட், "சிட், சிட், மை பாய்" என்று அவன் தோளைத் தட்டினார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, ஒரு சேர் காலியாகும், ஜஸ்ட் வெயிட் பண்ணுங்க" என்றான்.

வேலைமுடிந்து வந்த கூட்டம் நடுவில் புகுந்து எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் நானும் அக்காவும் கடப்பாக்கல்லண்டை போய் நின்றோம். டோரீன் நல்ல பெண், டோக்கன் வாங்கி எங்களுக்கும் இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அக்கா தொடவில்லை. சுவருக்கு முதுகைக் கொடுத்து அந்த மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்மண்ட் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. அவர் விரல்விட்டு ஏதோ எண்ணினார். இன்பநாதன் தலையை ஆட்டினான். அவர் மனைவி சிரித்தார்.

"பேசி முடிக்கப் போறாவ சரசா" என்றார் அக்கா.

அப்போது அவர்களுக்குப் பக்கத்து மேஜையில் ஒருவர் கடைசி வாய் காப்பியைக் குடித்தார். அவர் எழுந்திருக்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நாலே எட்டில் அங்கே போய், ஒரு கையகலம் தள்ளி நின்றார். அவர் எழுந்தார். அக்காவின் கை நாற்காலியின் முதுகில் விழுந்தது. அதைத் திருப்பிப் போட்டால் போதும், எட்மண்ட் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். இழுக்கப் போனவர் மகனைப் பார்த்தார்.

இன்பநாதன் பார்த்துவிட்டான். முகம் சிவந்துபோயிற்று. தலையை லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்று ஆட்டினான்.

அக்கா கையை எடுத்துவிட்டார். காலேஜ் பையன் ஒருவன், "கோணி ஆஹே கா?" என்று அவரிடமே கேட்டான். அக்கா இல்லையென்று தலையசைத்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "நான் போயி நாலு வார்த்த கேக்கேன்" என்று கிளம்பினேன். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்ட்டி. பிள்ளைக்கு அசிங்கமாப் போயிரும்" என்றார். வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. அவர் கடைசிவரை விடவில்லை.

அவர்களை டாக்ஸியில் ஏற்றிவிட்டு இன்பநாதன் எங்களோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். முகமெல்லாம் பூரிப்பு. "எல்லாம் ஃபிக்ஸ் ஆயிடுச்சும்மா. ஜனவரியில கல்யாணம். அங்கிள் தளேகாவ்ல எங்களுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் சொல்லி வச்சிட்டாரு. கல்யாணம் முடிஞ்சதும் நேரா அங்கதான்."

"ஒரு வருஷம் நம்ம வீட்டுல இருக்கணும்னு நான் சார்ட்ட கேக்கலாம்னு இருந்தேன்ப்பா" என்றார் அக்கா.

"அப்ப சொல்லியிருக்கலாமேம்மா! அவர் கேட்டாரே, யாருக்காவது ஏதாவது சொல்லணுமான்னு."

"எனக்குக் கேக்கலையே."

"எப்படிக் கேக்கும்? நீங்க டேபிள்லயே இல்லையே" என்றான்.

குத்திக்காட்டவில்லை அவன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜனவரியில் கல்யாணம் நடந்தது. முன்னறையில் புதுத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. மகனும் மருமகளும் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வந்து, சாப்பிட்டுவிட்டு, கடைசி லோக்கலுக்கு முந்தின லோக்கலில் திரும்பிவிடுவார்கள். அக்கா தையல் வகுப்புக்குப் போய் வந்தார். குறை ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் ஓட்டம் நின்றுவிட்டது. பஸ் வந்தால் எல்லோரும் ஏறிய பிறகு ஏறுவார். இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் லைன் வீடுகளில் இப்போது யாரும் கேலி செய்வதில்லை. கேலி செய்ய ஒன்றுமில்லையே.

அடுத்த வருஷம் அக்காவின் சர்ச்சில் அசனம் வைத்தார்கள். சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அக்கா என்னையும் கூட்டிப் போனார். ஷாமியானாவுக்கு வெளியே கூட்டம் முண்டியடித்தது. முதல் பந்தி போயிற்று, இரண்டாவது பந்தியும் போயிற்று. அக்கா ஓரமாக நின்றுகொண்டே இருந்தார். முழங்கால் வலியில் காலை மாற்றி மாற்றி வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, பழைய மாதிரி உள்ள போயி ஒரு நாற்காலி பிடிங்க" என்றேன்.

"யாருக்குட்டி?"

"யாருக்கா? உங்களுக்குத்தான்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வரிசையாக நிறைந்துகொண்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தார். ஓர் அடி முன்னால் வைத்தவர் நின்றுவிட்டார்.

"எனக்குன்னு எப்படிப் பிடிக்கதுன்னு தெரியலையே சரசா" என்றார்.