பூஜைச் செம்பு துலக்கிய தண்ணீர்

வங்காளத்தில், பவானிப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லையில் ஒரு பவழமல்லி இருந்தது. தொட்டிலில் கிடந்த என் தம்பி ஜுரத்தில் இறந்துபோன மாதத்தில் அம்மா நட்டது. அப்பாவுக்கு வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம். அழ நேரமில்லை என்று சொல்லிக்கொண்டார். அம்மாவோ சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது துளிர்விட்ட அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

எங்கள் வீட்டு மடி ஆசாரம் லேசுப்பட்டதல்ல. பூஜைச் செம்புகளை வேலைக்காரி தொடக்கூடாது. அம்மாவே தினமும் புளி போட்டுப் பளபளவென்று துலக்குவாள். அந்தத் தண்ணீர் யார் காலிலும் படக்கூடாது. ஆகவே அத்தனையையும் செடியின் அடியில் ஊற்றுவாள். "சுவாமி பாத்திரம் அலம்பின ஜலம்டி, கொழந்தைக்கு நல்லது" என்பாள். குழந்தை என்றால் செடி.

மழைக்காலம் முடிவதற்குள் இலையெல்லாம் மஞ்சளாகி நுனி கருகிவிட்டது. அம்மா இன்னும் பக்தியாகத் துலக்கி இன்னும் நிறைய ஊற்றினாள். பாவம், வேறென்ன செய்வாள்! "போனாப் போறது, வேற வாங்கி வெச்சுக்கலாம்" என்று அப்பா சொன்னாரோ இல்லையோ, கிணற்றடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சத்தம் கேட்டு மதில்மேல் எட்டிப் பார்த்தாள் அடுத்த வீட்டு வங்காளத்து அம்மாள். எனக்கு அவள் மாஷிமா, சித்தி முறை. மறுநாள் தன் மாட்டுக்கொட்டிலிலிருந்து மக்கிய சாணத்தை ஒரு கூடை கொண்டுவந்து, செடியைச் சுற்றிக் கொத்திப் போட்டாள். ஏதோ சொன்னாள். அம்மாவுக்கு வங்காளி தெரியாது, நான்தான் துபாஷி.

"மண்ணுக்குப் பசிக்கறதாம், அம்மா."

செம்புத் தண்ணீரும் நிற்கவில்லை, சாணமும் நிற்கவில்லை. வாரந்தோறும் மாஷிமா கூடையோடு வந்துவிடுவாள். கொத்திப் போடக் கொஞ்ச நேரம் போதும். அவளோ விளக்கு வைக்கும்வரை போகமாட்டாள். அம்மா தமிழில் புலம்புவாள், மாஷிமா வங்காளியில் பதில் சொல்வாள். துபாஷியை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அதில் ஏகக் கோபம்.

அடுத்த வருஷம் துர்கா பூஜைக்குப் பவழமல்லி பூத்துக் கொட்டியது.

ரசாயனம் படித்த என் மகன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "புளி செம்பைக் கரைச்சு வேருக்கு எறக்கியிருக்கும்மா. சாணம் அதை வெளியே தள்ளலை. மக்கினது செம்பைப் பிடிச்சு வெச்சுண்டு, வேரைச் சுடாமப் பாத்துண்டுது, அவ்வளவுதான். செம்பு அந்த மண்ணுலயேதான் இருக்கும். சாணமும் நாளாவட்டத்துல கரைஞ்சு போயிடும், போட்டுண்டே இருக்கணும்."

பூத்த பிறகும் மாஷிமா வருவதை நிறுத்தவில்லை. "செடிதான் பொழைச்சுடுத்தே, இன்னும் எதுக்கும்மா வரா?" என்று ஒருநாள் கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாஷிமாவுக்குப் பாயை விரித்தாள். செடிக்காகத்தான் வருகிறாள் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.