கம்பளியில் ஒட்டிய சிவப்பு

வெள்ளைக் கம்பளியில் சிவப்பு ஏறியதை முதலில் பார்த்தவன் நான்தான். காரின் பின்பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே ஓடும் மடிப்பின் மேல் பாலிஷ் மெஷினை ஒரு முறை கூடுதலாக ஓட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். அதில் மாட்டிய கம்பளிப் பேடின் ஓரத்தில் குங்குமத்தைத் தொட்டு இழுத்த மாதிரி ஒரு கோடு. இப்போது வரும் கார்களில் நிறத்துக்கு மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கும். கிளியர் கோட் என்போம். பளபளப்பெல்லாம் அதில்தான். பாலிஷ் போடுவது என்றால் அந்தப் பூச்சை மயிரிழையிலும் குறைவாகச் சீவி எடுப்பது, அவ்வளவுதான். கம்பளியில் காரின் நிறம் ஒட்டினால் அந்த இடத்தில் பூச்சே இல்லை என்று பொருள். கதவுக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் என் கை அவ்வளவு வேகமாக இயங்கியது. பேடைக் கழற்றி எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டுக் கசக்கினேன். சிவப்புத் தண்ணீர் சாக்கடையில் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஓசூரில் ஜூஜூவாடி தாண்டும் முன்னால், சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருந்தது அந்தக் கார் பாலிஷ் கடை. பெங்களூரில் வேலை பார்ப்பவர்களின் கார்கள்தான் அதிகம் வரும். நான் சிங்காரப்பேட்டைப் பக்கம். அப்பா ராயக்கோட்டை தக்காளி மண்டியில் லோடு தூக்கியவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து அந்தக் கடையில் சேர்ந்தபோது, மார்பில் கடைப்பெயர் தைத்த கறுப்புச் சட்டை கொடுத்தார்கள். மெஷின் பிடிக்கிறவனுக்கு மட்டும்தான் அந்தச் சட்டை. கழுவித் துடைக்கிற பெண்களுக்கு ஒரு நீல ஏப்ரன். அந்த ஏப்ரன் கட்டியவர்களில் ஒருவர்தான் நான் சொல்ல வந்த அக்கா. பேரிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கன்னடத்தில் வசை கேட்டால் தெலுங்கில் திருப்பிக் கொடுப்பார். இரண்டும் புரியாதவனைத் தமிழில் ஓட்டுவார்.

கடையில் இரண்டு மெஷின்கள். ஒன்று ரோட்டரி: ஒரே அச்சில் விர்ரென்று சுற்றும், கனமானது, நின்ற இடத்தில் சூடேற்றும். ஆழமான கீறலை நாலு இழுப்பில் எடுத்துவிடும். கவனம் பிசகினால் பூச்சையும் எடுத்துவிடும். இன்னொன்று டூயல் ஆக்‌ஷன்: சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். கையை அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும், அதனால் தவறு நடந்தாலும் சின்னதாக நடக்கும். ஆனால் நேரம் பிடிக்கும். அக்கா ரோட்டரிக்குக் கோவக்காரன் என்றும், மற்றதற்குக் குடிகாரன் என்றும் பெயர் வைத்திருந்தார். “குடிகாரன் தள்ளாடுனாலும் வூட்டுக்குப் போய்ச் சேந்துருவான் தம்பி. கோவக்காரன்தான் போற வழியில எதையாவது ஒடச்சிட்டுப் போவான்” என்பார். மெஷின் வாங்கும்போது ஓனர் பார்த்தது வேகத்தை மட்டும்தான். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்டார், அதிகமாக இருந்ததை வாங்கினார். இன்றைக்கும் பல பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள். அதைப் பிடிக்கப்போகிறவன் யார், அவன் எந்த வண்டியில் எந்த இடத்தில் வைக்கப்போகிறான் என்று ஒருவனும் கேட்பதில்லை. எனக்கு அதில் வருகிற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. குடிகாரனை வாங்க வைக்க நான் ஆறு மாதம் ஓனரின் பின்னால் நடக்க வேண்டியிருந்தது.

அந்தக் குடிகாரன் வந்ததும் அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. கடைக்குப் பின்னால் விபத்தில் நசுங்கிய ஒரு பானெட் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு அதன் மேல் பழகுவார். பேடில் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையை நாலு பொட்டு வைத்து, மெஷினை ஓடவிடாமலே முதலில் பரப்பிக்கொண்டு, அப்புறம் பொத்தானைத் தட்டுவார். நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடும்படி. நான் முடிக்கிற நேரத்தில் அவர் பாதிதான் முடித்திருப்பார். ஆனால் அவர் முடித்த பாதியை டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு சுழிக்கோடு இருக்காது. ஓனர் ஒரு நாள் வந்து நின்று பார்த்தார். “பரவால்லியே. அடுத்த மாசத்துலேந்து சின்ன வண்டிய நீ பாரு” என்றார். அன்றைக்கு அக்கா யாரையும் ஓட்டவில்லை. மறுநாள் வந்து, “கறுப்புச் சட்டையில எனக்கு எந்த சைசு இருக்குதுன்னு பாத்து வெய்யி தம்பி” என்றார்.

அந்த அடுத்த மாதம் வருவதற்கு முன்னால்தான் சிவப்புக் கார் வந்தது.

கடையில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்காத சட்டம். வண்டியில் குறை வந்தால் கடைசியாகக் கை வைத்தவர்தான் பொறுப்பு. கேட்க நியாயம் போலத் தோன்றும். ஆனால் கடைசியாகக் கை வைப்பது யார்? துடைக்கிறவர்கள். எப்போதும் துடைக்கிறவர்கள்தான். மெஷின்காரன் செய்த தப்பும், பெயின்ட் அடித்தவன் செய்த தப்பும், வண்டிக்காரன் மறைத்த தப்பும் கடைசியில் ஒரு மைக்ரோஃபைபர் துணியில் வந்து நிற்கும்படி அந்தச் சட்டம் போடப்பட்டிருந்தது. நான் அங்கே வேலை பார்த்த நாட்களில் அதை ஒரு முறைகூடக் கேள்வி கேட்டதில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

காரைக் கழுவும்போதே அக்கா என்னைக் கூப்பிட்டார். “இந்தப் பின்கதவு மறுபெயின்ட்டு தம்பி. ரப்பருக்கு அடியில நகத்த விட்டுப் பாரு, டேப் ஒட்டுன வரப்பு தட்டுது. இதுக்குக் குடிகாரன எடு.”

என் பையில் பெயின்ட் தடிமன் பார்க்கிற மீட்டர் இருந்தது. டிப்ளமா படித்தவன் என்று ஓனர் என்னிடம் மட்டும் கொடுத்து வைத்திருந்த மீட்டர். கதவில் வைத்தேன். மற்றக் கதவுகளைவிட இரண்டு மடங்கு காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். “அக்கா, இதுலதான் நெறைய இருக்குது. தாராளமா வெட்டலாம்.”

“நெறைய இருக்கறது பட்டியா பெயின்ட்டான்னு உன் மீட்டரு சொல்லுமா?”

சொல்லாது. மீட்டர் இரும்புக்கு மேலே இருப்பதையெல்லாம் கூட்டித்தான் காட்டும். அடியில் ஒடுக்கு எடுத்துப் பட்டி பூசியிருந்தால் எண் பெரிதாக வரும். மேலே இருக்கும் பூச்சு வெங்காயத் தோல் அளவுக்குத்தான் இருக்கும். அவர் கேட்டது சரியான கேள்வி. கதவின் மூலையில் கையகல இடத்தில் ஓட்டிப் பார்த்திருந்தாலே விஷயம் புரிந்திருக்கும். நாலு மணிக்கு வண்டிக்காரர் வருவதாக இருந்தது. நான் சிரித்துக்கொண்டே, “உங்க நகத்த நம்பறதா, மீட்டர நம்பறதா?” என்று கேட்டேன். கோவக்காரனை எடுத்தேன், கம்பளியை மாட்டினேன். மடிப்பு தேயாமல் இருக்க அதன் மேல் டேப் ஒட்டுகிற வேலையைக்கூட விட்டுவிட்டேன்.

வண்டியை வெயிலில் இழுத்து நிறுத்தியபோது எல்லோருக்கும் தெரிந்தது. மடிப்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு செத்து, செங்கல் பொடி தூவின மாதிரி ஓர் இடம். ஓனர் குனிந்து பார்த்தார். “கடைசியா கை வெச்சது யாரு?”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் கையில் துணி இருந்தது.

“துணியில மண்ணு இருந்திருக்கும். தேச்சு எடுத்துட்டா” என்றார் ஓனர்.

“ஓனரே, மண்ணு இருந்தாக் கீறல் உழும். பூச்சு எறங்குமா? துணிக்கு அவ்ளோ பலமா?”

“வாய் பேசாத. இவங்களுக்கெல்லாம் கை சுத்தம் எங்கேர்ந்து வரும்?”

அந்த ‘இவங்க’ளில் யார் யார் அடக்கம் என்று எனக்குத் தெரியும். என் அம்மா அடக்கம். என் அப்பா அடக்கம். கறுப்புச் சட்டையைக் கழற்றினால் நானும் அடக்கம். பேரிகையில் அக்காவின் தெருவும் சிங்காரப்பேட்டைப் பக்கம் என் தெருவும் ஊருக்கு ஒரே திசையில்தான் இருக்கின்றன. அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. பஸ் வருமா என்று ரோட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. நான் மெஷினின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒழுங்காகச் சுற்றினேன். அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்பு நான் சுற்றியதே இல்லை.

துணியால் அப்படி ஆகாது என்று ஓனருக்கும் தெரியும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மெஷின்காரனை அனுப்பினால் இன்னொருவனைத் தேட வேண்டும்; துடைக்கிறவர் சாயங்காலமே கிடைப்பார். அந்தக் கணக்கில் அக்கா ஏப்ரனை அவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அத்தோடு விட்டிருந்தால்கூடச் சரி என்று சொல்லமாட்டேன், ஆனால் அத்தோடு விடவில்லை. ஓசூர்ப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் கதவின் படத்தையும் அக்காவின் படத்தையும் போட்டு, இந்தம்மாவைச் சேர்க்காதீங்க, கை சுத்தமில்லை என்று குரல் பதிவு ஒன்றை ஓனர் அனுப்பினார்.

மூன்று வருஷம் ஆகிறது. நான் இப்போது வேறொரு கடையில் பொறுப்பாளன். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் குடிகாரனைத்தான் கொடுக்கிறேன். மறுபெயின்ட் கதவு என்றால் மீட்டரை மட்டும் நம்பாதே, ரப்பரைத் தூக்கிப் பார் என்கிறேன். ஒவ்வொரு கதவுக்கும் யார் கழுவினார், யார் மெஷின் பிடித்தார், யார் துடைத்தார் என்று வண்டிச் சீட்டில் எழுத வைத்திருக்கிறேன். நல்ல முறை என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். பாராட்டைக் கேட்கிறபோதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். தான் திருடிய வீட்டுக்கே பூட்டுச் செய்து கொடுக்கிற திருடன் மாதிரி இருக்கிறது.

போன மாதம் பாகலூர் ரோட்டில் கடை திறந்த ஒருவர் குழுவில் கேட்டிருந்தார்: பேரிகையிலிருந்து ஒரு அம்மா வந்து வேலை கேட்கிறார், மெஷினும் பிடிப்பேன் என்கிறார், தெரியுமா? ஐந்து நிமிஷத்தில் பழைய ஓனர் அதே படத்தை, அதே குரல் பதிவை மறுபடி போட்டார். அவ்வளவு நாளும் அதை அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார். கீழே யாரோ கும்பிடு போட்டு நன்றி சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்குப் போனேன். ரோஜாப் பூ வளர்க்கும் ஒரு பாலித்தீன் கூடாரத்தில் அக்கா பூ வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே புழுக்கம். என்னைப் பார்த்ததும், “என்னா சார், கறுப்புச் சட்டையக் காணோம்?” என்றார். நான் வழியெல்லாம் பழகி வைத்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. “கம்பளிய நீ கழுவுனத நான் பாத்தன் தம்பி. பக்கெட் எடுக்க வந்தன், பாத்தன். சரி, சொல்லிருவான்னு நெனச்சன்.”

“நீங்களே சொல்லியிருக்கலாமேக்கா.”

இப்போது நிறுத்தினார். “நான் சொன்னா எவன் நம்புவான்? நீ படிச்சவன். உன் வாயால வரணும்னு நின்னன். நீ வயரு சுத்திக்கினு இருந்த.” கையிலிருந்த பூவைத் தூக்கிக் காட்டினார். “இப்ப பூவுகிட்ட வந்து எதுக்குச் சொல்ற? பூவா என்ன வேண்டாம்னுச்சு? அந்தக் குரூப்புல சொல்லு. இங்கியே நின்னு சொல்லு, நான் கேக்கறன்.”

போனை எடுத்தேன். குழுவைத் திறந்து குரல் பதிவை அழுத்தினேன். “எல்லாருக்கும் வணக்கம். அப்போ எனக்கு அனுபவம் பத்தல, அந்தச் சூழ்நிலையில...” என்று ஆரம்பித்தேன்.

“அழி” என்றார் அக்கா.

மறுபடி ஆரம்பித்தேன். என் குடும்பக் கஷ்டத்தைப் பற்றி ஒரு வரி வந்தது.

“அழி. உன் கத எதுக்கு? கம்பளி செவந்ததச் சொல்லு. நீ கழுவுனதச் சொல்லு. மறுபெயின்ட்டுன்னு நான் சொன்னதச் சொல்லு. என் பேரச் சொல்லு. அவ்ளோதான்.”

மூன்றாவது முறை அந்த நான்கையும் சொன்னேன். அரை நிமிஷம்கூட வரவில்லை. மூன்று வருஷம் சுமந்தது அரை நிமிஷத்தில் முடிந்தது எனக்கு அவமானமாக இருந்தது. அனுப்பினேன். பூக்களுக்கு நடுவில் இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்டவர்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறியது. என் இப்போதைய முதலாளி கேட்டார். பாகலூர் ரோட்டுக் கடைக்காரர் கேட்டார். யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் திரையில் ஒரு சின்ன வரி வந்தது. பழைய ஓனர்தான் அந்தக் குழுவை நடத்துகிறவர். என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்.

“என்னா ஆச்சு?” என்றார் அக்கா.

“என்னத் தூக்கிட்டாருக்கா.”

அக்கா கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தார். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

“தூக்கிட்டானா? அப்ப கேட்டுட்டான்.”