தெருமுனையில் ஒரு மெத்தை

மெத்தை வாசற்படியில் மாட்டிக்கொண்டது. சிவகாமு ஒரு கையால் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு மறு கையால் இழுத்தாள். தையல் விட்ட இடத்திலிருந்து இலவம்பஞ்சு பறந்தது. நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். தெருமுனைக் குப்பைமேட்டில் அதைப் போட்டுவிட்டுத் தலையணைகளையும் கொண்டுபோய் மேலே வைத்தாள். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு குளத்துக்குக் குளிக்கப் போனாள்.

கல்யாணத்துக்கு அண்ணன் கோவிந்தசாமி குறிஞ்சிப்பாடியிலிருந்து கொண்டுவந்த மெத்தை அது. சொந்த மரத்துப் பஞ்சு. சிதம்பரத்துக்கு வந்ததிலிருந்து சிவகாமுவுக்கு இரைப்பு. படுத்தால் இழுக்கும். மெத்தைமேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடியேதான் வருஷக்கணக்காகத் தூங்கினாள். கணவன் ராஜாமணி கடலூர் கோர்ட்டில் குமாஸ்தா, சனிக்கிழமைதான் வருவான். அன்று காலை ஆஸ்பத்திரி டாக்டர் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தார். மெத்தையும் தலையணையும் வீட்டில் இருக்கக்கூடாது, சாம்பிராணி போடக்கூடாது, பாயில் துவைத்த துணியை விரித்துப் படுக்க வேண்டும் என்றார்.

அந்தத் தெருவில் செத்தவர்களின் படுக்கையைத்தான் தெருமுனையில் போடுவார்கள். எதிர்வீட்டுத் தங்கம்மாள், சிவகாமு காலையில் ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பார்த்திருந்தாள். மத்தியானம் மெத்தையைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். குறிஞ்சிப்பாடி பஸ் டிரைவரிடம் சொல்லியனுப்பினாள். சிவகாமு ஈரப் புடவையோடு திரும்பி விஷயம் தெரிந்துகொண்டபோது பஸ் போய்விட்டிருந்தது.

சாயங்காலம் கோவிந்தசாமி அழுதுகொண்டே வந்தான். கையில் பிறந்த வீட்டுக் கோடி; மஞ்சள் கரை போட்ட புதுப்புடவை. சிவகாமு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வாண்ணா. காபி போடட்டா?”

அவன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். “நீ செத்துட்டேன்னு எவ சொன்னது?”

“தங்கம்மா அக்காதான். அவுங்களுக்கு அவசரம் ஜாஸ்தி.”

“உயிரோட இருக்கறவ படுக்கையைப் போடற எடமாடி அது?” என்றாள் தங்கம்மாள், தன் வாசலிலிருந்து.

“பின்ன எங்க போடறது? உங்க வூட்லயா?”

விஷயத்தைக் கேட்டதும் கோவிந்தசாமிக்கு அழுகை நின்று கோபம் வந்தது. “நம்ம வூட்டுப் பஞ்சு உன்னைக் கொல்லுதா? அப்பா நட்ட மரம்டி. உள்ள எடுத்து வை. இல்லன்னா இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

“மிதிக்காத. நான் படுத்துத் தூங்கணும்ணா.”

பிணத்துக்கென்று வாங்கிய புடவையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. அவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். சிவகாமு வாங்கிக்கொண்டுபோய், கஞ்சிப்பசை போகத் துவைத்து உலர்த்தினாள். படுக்கப் போகும்போது பாயில் விரித்தாள்.

மறுநாள் அவள் எழுந்தபோது வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. கொஞ்சம் இரைப்பு இருந்தது. ஆனால் படுத்தபடியேதான் தூங்கியிருந்தாள். பால்காரன் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். திண்ணையில் படுத்திருந்த கோவிந்தசாமி சொல்லிக்கொள்ளாமல் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டிருந்தான். அவள் பழையதைச் சாப்பிட்டாள்.