இன்சூரன்ஸ் எடுத்த நேர்ஸ் வாய் திறக்கலாமா

சல்மாவின் வலது புறங்கை வீங்கி வெளிறிப்போயிருந்ததை நான் கண்டது பின்னேரம் நாலு மணிக்கு. தைரொயிட் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். கல்சியம் குறைந்ததால் ட்ரிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்த மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலை அழித்துவிடும். அதனால் மணிக்கொரு தடவை ஊசி குத்திய இடத்தைப் பார்க்க வேண்டும். அன்று வாட்டில் இரண்டு புது அட்மிஷன். மூன்று மணிக்கு நான் பார்க்கவில்லை.

ட்ரிப்பை நிறுத்தி டொக்டரைக் கூப்பிட்டேன். சார்ட்டில் மூன்று மணிக் கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.

சல்மா மருதமுனையில் கைத்தறி நெய்கிறவள். "மிஸ், இந்தக் கையாலதானே நான் நெய்யிற. சரியாகுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அரச ஆஸ்பத்திரியில் பென்ஷன் எடுத்த பிறகுதான் கல்முனையில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இங்கே நேர்ஸ்மார் தொழில் பொறுப்புக் காப்புறுதியைச் சொந்தச் செலவில் எடுக்க வேண்டும். வருடப் பிரீமியம் என் நாலு நாள் சம்பளம். செய்யாத பிழைக்கு ஏன் காசு என்று முணுமுணுத்துக்கொண்டுதான் கட்டினேன். பொலிசிப் பத்திரத்தைக் கவரிலிருந்து எடுத்துப் பார்க்கவே இல்லை.

மனேஜர் என்னை அறைக்கு அழைத்தார். என்னைவிட வயது குறைந்தவர், தன்மையாகப் பேசுபவர்.

"ராத்தா, சல்மாட ஆக்கள்கிட்ட ஒண்டும் கதைக்காதீங்க. ஒங்கட பிழை என்டு வாயால வந்தா இன்சூரன்ஸ்காரங்க கைவிட்டிருவாங்க. அவட நரம்பு மெல்லிசு என்டு சொல்லுவம்."

"நரம்பு நல்லாத்தான் இருந்திச்சி, தம்பி."

"அப்ப சும்மா இருங்க."

இரண்டு நாள் சும்மா இருந்தேன். மருந்து கட்டும்போது சல்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தோல் கறுத்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்று சர்ஜன் சொன்னார். அவர் போன பிறகு சல்மா தன் கணவன் ஜௌபரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நான்தான் நித்திரையில கைய ஆட்டியிருப்பன் போல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வீட்டுக்குப் போய்க் கவரைப் பிரித்து, பத்திரத்தில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். இன்சூரன்ஸ் கம்பனியில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்களக் கேக்காம நட்டஈடு தாறன் என்டு வாக்குக் குடுக்கத்தான் கூடாது, மிஸ். நடந்ததச் சொல்ல வாணாம் என்டு ஒங்கட பொலிசியில ஒரு இடத்திலயும் இல்ல. ஆனா ஏன் ரெண்டு நாள் பிந்தி அறிவிக்கிறீங்க? ஒடனே அறிவிக்கணும் என்டு முதல் பக்கத்திலயே இருக்கே."

மறுநாள் காலை சல்மாவின் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். ஜௌபரும் நின்றார்.

"மூணு மணிக்கு நான் ஒங்கட கையப் பாத்திருக்கணும், தங்கச்சி. பாக்கல்ல. நீங்க ஆட்டினதால வந்ததில்ல இது."

"ரெண்டு நாளா ஏன் சொல்லல்ல?" ஜௌபர் கேட்டார்.

"பயந்துட்டன்."

அவர் வெளியே போய்விட்டார். சல்மா கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்ப என்ட பிழை இல்ல."

"இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர்கள் முறைப்பாடு செய்தார்கள். அறிவிக்கப் பிந்தியதற்கு என்னிடம் இரண்டு தடவை எழுத்தில் விளக்கம் கேட்ட பிறகு, இன்சூரன்ஸ் கம்பனி, தோல் ஒட்டிய ஆபரேஷனின் செலவையும், தறி நின்ற மாதங்களுக்கான கூலியையும் கொடுத்தது. சல்மா இப்போது நெய்கிறாள். நெடுநேரம் இருந்தால் தோல் இழுக்கிறதாம்.

அடுத்த வருடம் என் பிரீமியம் இரட்டிப்பானது. கட்டினேன். புதிதாக வரும் நேர்ஸ்மார் காசு கூட என்று குறைப்படுவார்கள். கூடத்தான். கட்டுங்கள், கட்டிய அன்றே பத்திரத்தை வாசியுங்கள், ஏதும் நடந்தால் முதலில் கம்பனிக்கு ஃபோன் எடுங்கள். நான் கட்டியதோடு நின்றேன், மற்ற இரண்டையும் செய்யவில்லை. ஒரு பெண் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு படுத்திருந்த அந்த இரண்டு நாளுக்கு எந்தக் காப்புறுதியும் இல்லை.